ஈரானின் பஹாய் மக்களும் உலகின் குரலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரானில் பஹாய் சமயத்தார் படும் பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பஹாய் அல்ல. பல ஆண்டுகளாக இந்த விஷயத்தைக் கவனித்து வருகிறேன், இதைப் பற்றி மேலும் பலர் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். அவ்வளவுதான்.

பஹாய் மக்கள் யார்? நமக்குத் தெரிந்தவர்களா?

டெல்லிக்குச் சுற்றுலா போனவர்கள் பலர் அவர்கள் வீட்டு வாசல் வரை போய் வந்திருப்பார்கள். வெள்ளைச் சலவைக்கல்லில் தாமரை விரிந்தது போல நிற்கிறதே, அந்தத் தாமரைக் கோயில் பஹாய் வழிபாட்டு இல்லம். 1986இல் திறந்தார்கள். வடிவமைத்த ஃபரிபோர்ஸ் சஹ்பா ஈரானில் பிறந்தவர். அந்தக் கோயிலுக்குள் எந்த மதத்தாரும் போய் அமைதியாக உட்காரலாம். ஆனால் அதை வரைந்தவர் பிறந்த நாட்டில், அவருடைய சமயத்தாருக்கு இறந்தவரைப் புதைக்கக்கூட நிம்மதியான இடம் இல்லை.

சமயம் தோன்றியது ஈரானில்தான். 1844இல் ஷிராஸ் நகரத்து இளம் வணிகர் ஒருவர் தம்மை 'பாப்' என்று அறிவித்தார். பாப் என்றால் வாசல். 1850இல் தப்ரீஸ் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் வழியில் வந்த பஹாவுல்லாதான் இந்தச் சமயத்தின் நிறுவனர். ஒரே கடவுள், எல்லாச் சமயங்களுக்கும் ஒரே ஊற்று, ஆணும் பெண்ணும் சமம் என்பவை அவர் போதனையின் சாரம். பஹாய் சமயத்தில் மதகுருமார் கிடையாது. வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒன்பது பேர் அவைகள்தான் எல்லாவற்றையும் நடத்துகின்றன. ஈரானில் இவர்கள் சுமார் 3 லட்சம் பேர் இருப்பதாகச் சொல்வார்கள். அந்நாட்டின் முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினரில் இவர்களே பெரியவர்கள்.

பிறகு ஏன் அவ்வளவு பகை?

முகம்மது நபியே இறுதி நபி என்பது இஸ்லாத்தின் அடிப்படை. அவருக்குப் பின் இன்னொரு இறைத்தூதர் வந்தார் என்பதை மதத் தலைமையால் ஏற்க முடியவில்லை. குருமாரே தேவையில்லை என்ற போதனை அதற்கு மேல். இந்த இரண்டும் சேர்ந்தால் குருமார் ஆளும் நாட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் இது 1979 புரட்சிக்குப் பிறகு வந்த பகை மட்டுமல்ல. அதற்கு முன் மன்னர் ஷா ஆட்சியிலும், 1955இல், ஒரு மதகுரு ரமலான் மாதம் முழுக்க அரசு வானொலியில் பஹாய்களைத் தாக்கிப் பேசினார். தெஹ்ரானில் இருந்த அவர்களுடைய தேசிய மையத்தின் குவிமாடத்தை ராணுவத் தளபதிகளே கடப்பாரையோடு ஏறி இடித்தார்கள். ஊர் ஊராக அடி, கொலை, கொள்ளை நடந்தது.

இன்றைய அரசமைப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஜொராஸ்ட்ரியர், யூதர், கிறிஸ்தவர் ஆகிய மூன்று சிறுபான்மையினரை மட்டும் அங்கீகரிக்கிறது. பஹாய் என்ற சொல்லே அதில் இல்லை. சட்டத்தில் பெயர் இல்லாததால் அரசு வேலை, ஓய்வூதியம், பல்கலைக்கழக இடம் என்று ஒவ்வொன்றாக மறுப்பது எளிதாகிவிட்டது.

அவர்கள் இஸ்ரேலின் உளவாளிகள் என்கிறார்களே, அதில் உண்மை உண்டா?

இந்தக் கேள்வி வராத இடமே இல்லை. பஹாய் உலக மையம் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருக்கிறது என்பது உண்மை. ஏன் அங்கே? பஹாவுல்லாவை ஈரான் நாடு கடத்தியது. முதலில் பாக்தாத், பிறகு இஸ்தான்புல், எதிர்னே. கடைசியில் 1868இல் ஓட்டோமான் சுல்தான் அவரை ஆக்கா என்ற சிறைநகருக்கு அனுப்பினார். அங்கேயே 1892இல் அவர் காலமானார். ஹைஃபாவுக்கு அருகே உள்ள ஆக்கா அப்போது ஓட்டோமான் சிரியாவில் இருந்தது. இஸ்ரேல் என்ற நாடு பிறந்தது 1948இல். கைதியாக வந்து சேர்ந்த ஊரில் சமாதி அமைந்தது, சமாதி இருக்கும் இடத்தில் மையம் வளர்ந்தது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சிறையில் ஒவ்வொரு பஹாயிடமும் திரும்பத் திரும்பக் கேட்டது, "உன் மதத்தை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடு, வீட்டுக்குப் போகலாம்" என்பதைத்தான். உளவாளியிடம் எந்த நாடாவது அப்படிக் கேட்குமா?

1983 ஷிராஸ் என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அங்கே என்ன நடந்தது?

1983 ஜூன் 18 இரவு ஷிராஸ் நகரில் பத்துப் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக, அடுத்தவர் பார்க்கும்படி. எல்லோரிலும் இளையவர் மோனா மஹ்மூத்நிஷாத். வயது 17. குழந்தைகளுக்கு ஒழுக்க வகுப்பு நடத்தியது அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவருடைய தந்தையை அதே ஆண்டு மார்ச்சிலேயே தூக்கிலிட்டிருந்தார்கள்.

பத்துப் பேரில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். இஸ்ஸத் இஷ்ராகி, அவர் மகள் ரோயா. ரோயா கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவி. வீட்டுத் தலைவரை அதற்கு இரண்டு நாள் முன்னால், ஜூன் 16 அன்று, வேறு ஐந்து ஆண்களோடு தூக்கிலிட்டிருந்தார்கள். மூன்று நாளுக்குள் ஒரு குடும்பத்தில் மூன்று பேர். பத்துப் பெண்களுக்கும் மதத்தை மறுத்துச் சொல்லும் வாய்ப்புத் தரப்பட்டது. பத்துப் பேரும் அதற்கு இணங்கவில்லை.

எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் பகுதியை எழுதும்போது கை நின்றுவிடுகிறது. 2023இல், நாற்பதாம் ஆண்டு நினைவாக, 'எங்கள் கதை ஒன்றே' என்ற பெயரில் உலகெங்கும் ஓர் இயக்கம் நடந்தது. பாட்டு, ஓவியம், நாடகம் என்று பல நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஈரான் பெண்கள் தலைமுக்காட்டை எடுத்துவிட்டுத் தெருவில் இறங்கியிருந்தார்கள். அந்தத் தலைப்பு அவர்களையும் சேர்த்தே பேசியது.

வெளிநாட்டார் பேசினால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து கூடாதா?

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 1983 மே மாதம், ஷிராஸில் மரண தண்டனை பெற்ற பஹாய்களுக்குக் கருணை காட்டும்படி அமெரிக்க அதிபர் ரீகன் பகிரங்கமாக வேண்டினார். சில நாளில் ஈரானின் அப்போதைய உச்சத் தலைவர் கொமெய்னி பதில் பேச்சுப் பேசினார். ரீகன் ஆதரிக்கிறார் என்றால் அவர்கள் உளவாளிகள் என்பதற்கு அதுவே போதும் என்பது அவர் பேச்சின் பொருள். அடுத்த மாதம் தூக்கு. எனவே குரல் எப்போதும் உயிரைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்காக வாயை மூடிக்கொண்டால் நடப்பது என்ன? பஹாய் தலைமைக்கு நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1980 ஆகஸ்டில் அவர்களுடைய தேசிய அவையின் ஒன்பது பேரும் ஒரு கூட்டத்திலிருந்து கடத்தப்பட்டார்கள். இன்றுவரை தடயம் இல்லை. அவர்கள் இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் எட்டுப் பேரை 1981 டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். மூன்றாவது அவையினர் அரசாணைக்குப் பணிந்து 1983இல் அவையையே கலைத்தார்கள். அப்படியும் அவர்களில் ஏழு பேர் பிறகு கொல்லப்பட்டார்கள். 1979க்குப் பின் கொல்லப்பட்ட பஹாய்கள் 200 பேருக்கு மேல்.

2008இல் அதே பொறுப்பை முறைசாராமல் பார்த்துக்கொண்டிருந்த ஏழு பேர் கைதானார்கள். குற்றச்சாட்டு அதேதான்: இஸ்ரேலுக்கு உளவு, புனிதங்களை அவமதித்தல். ஆனால் இந்த முறை நாடாளுமன்றங்கள், ஐ.நா., நோபல் பரிசு பெற்றவர்கள், பத்திரிகைகள் எல்லோரும் ஏழு பேரின் பெயரையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். அந்த ஏழு பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். அரசின் மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை. முதல் ஒன்பது பேர் காணாமல் போனபோது அவர்கள் பெயர் உலகத்துக்குத் தெரியாது. இந்த ஏழு பெயர்கள் தெரியும். எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் அதுதான்.

யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். ஒரு வல்லரசின் அதிபர் மட்டும் பேசினால் அது அரசியல் சண்டையாகிவிடுகிறது. மருத்துவர், ஆசிரியர், கவிஞர், பக்கத்து நாட்டு முஸ்லிம் அறிஞர் என்று பலரும் பேசும்போது 'உளவாளி' என்ற பதில் எடுபடுவதில்லை.

சரி, சர்வதேச இயக்கம் என்றால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்?

1955இலேயே தொடங்கிய வேலை இது. அப்போது உலகெங்கும் இருந்த பஹாய் குழுக்கள் ஷாவுக்குத் தந்தி மேல் தந்தி அடித்தார்கள். ஐ.நா.வில் முறையிட்டார்கள். பொதுச்செயலர் டாக் ஹாமர்ஷீல்ட் தலையிட்ட பிறகு வன்முறை தணிந்தது. 1980 முதல் ஐ.நா.வின் மனித உரிமை அமைப்புகள் ஈரான் பஹாய்களைப் பற்றித் தீர்மானம் போட ஆரம்பித்தன. 1985இல் பொதுச்சபை ஈரானின் மனித உரிமை நிலை பற்றி முதல் தீர்மானம் நிறைவேற்றியது, அதில் பஹாய்களும் இடம்பெற்றார்கள். அதன் பிறகு அநேகமாக ஆண்டுதோறும் அப்படி ஒரு தீர்மானம் வருகிறது.

தீர்மானத்தால் ஒரு சிறைக்கதவும் திறக்காது, அது கட்டாயப்படுத்தாது என்பது தெரிந்ததே. ஆனால் அதற்காகத் திரட்டும் ஆவணங்கள் இருக்கின்றனவே, அவைதான் முதுகெலும்பு. ஒரே ஓர் உதாரணம் போதும். 1991 பிப்ரவரியில் ஈரானின் உயர் பண்பாட்டு மன்றம் 'பஹாய் பிரச்சினை' பற்றி ஒரு ரகசியக் குறிப்பு தயாரித்தது. உச்சத் தலைவர் அலி கமேனி அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அவர்களுடைய முன்னேற்றமும் வளர்ச்சியும் தடுக்கப்பட வேண்டும், பஹாய் என்று தெரிந்தால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்க வேண்டும், வேலை கொடுக்கக் கூடாது, வெளிநாட்டில் உள்ள அவர்களுடைய பண்பாட்டு வேர்களையும் அழிக்கத் திட்டம் தீட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. 1993இல் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ரெய்னால்டோ காலிந்தோ போல் அதை வெளியிட்டார். "எங்கள் நாட்டில் யாரையும் மதத்துக்காகத் தொந்தரவு செய்வதில்லை" என்ற வாதத்துக்கு அந்தக் காகிதம் ஒன்றே பதில். இன்றும் எந்த மனித உரிமை வழக்கறிஞரும் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.

கொலைகள் குறைந்து நெருக்கடி வேறு வடிவம் எடுத்ததும் அந்தக் குறிப்பில் தெரிகிறது. கொன்றால் உலகம் கேட்கிறது. மெல்ல மெல்ல மூச்சை அடைத்தால் செய்தியாகாது. மத நம்பிக்கைக்காக ஒரு பஹாயை அரசு கடைசியாகத் தூக்கிலிட்டது 1998இல், மஷ்ஹத் நகரில்.

படிக்க விடாமல் தடுப்பது எப்படி நடக்கிறது?

படிவத்தில். 2004 வரை நுழைவுத் தேர்வுப் படிவத்தில் மதத்தை எழுத வேண்டும். அங்கீகரித்த நான்கு மதங்களில் ஒன்றை எழுதாவிட்டால் தேர்வே எழுத முடியாது. பஹாய் மாணவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், அதனால் கதவு அடைந்தது. பிறகு தேர்வு எழுத விட்டார்கள். முடிவு வரும்போது பஹாய் மாணவர்களுக்கு மட்டும் ஒரே பதில் வரும்: "உங்கள் கோப்பு முழுமையாக இல்லை." என்ன குறை என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. தப்பித்தவறி உள்ளே போனவர்களையும் கண்டுபிடித்து நீக்கும்படி 2006இல் 81 பல்கலைக்கழகங்களுக்கு அமைச்சகத்திலிருந்து கடிதம் போனது.

பஹாய்கள் செய்த பதில் வேலை என்னை எப்போதும் நெகிழ வைக்கும். 1987இல், வேலையிலிருந்து விரட்டப்பட்ட பேராசிரியர்கள் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். பஹாய் உயர்கல்விக் கழகம் என்று பெயர். முதலில் அஞ்சல் வழியில் பாடக்குறிப்பு போனது. பிறகு வரவேற்பறையில் வகுப்பு, ஏதோ ஒரு வீட்டு அறையில் ஆய்வுக்கூடம். 1998இல் 500க்கும் மேற்பட்ட வீடுகளில் சோதனை நடத்தி 36 பேரைக் கைது செய்து கணினி, புத்தகம் எல்லாவற்றையும் அள்ளிச் சென்றார்கள். 2011 மே மாதம் மறுபடி சோதனை. பாடம் சொல்லிக் கொடுத்ததற்காக நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு சிறை. வகுப்புகள் நிற்கவில்லை.

அங்கே வெளியிலிருந்து கிடைத்த உதவி கோஷம் அல்ல. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் பல பல்கலைக்கழகங்கள் அந்தக் கழகத்தின் படிப்பை ஏற்று, அதன் மாணவர்களை முதுகலையில் சேர்த்துக்கொண்டன. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இணையம் வழியே சம்பளமில்லாமல் பாடம் எடுத்தார்கள். நோபல் அமைதிப் பரிசு பெற்ற டெஸ்மண்ட் டுட்டுவும் ஜோசே ராமோஸ் ஹோர்ட்டாவும் 2011இல் திறந்த மடல் எழுதினார்கள். மஸியார் பஹாரி என்ற பத்திரிகையாளர், அவர் பஹாய் அல்ல, 2009இல் எவின் சிறையில் 118 நாள் இருந்தவர், 'கல்வி குற்றமல்ல' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சுவர் சுவராக அதற்கு ஓவியம் வரைந்தார்கள். கல்வி மறுக்கப்படுவது என்றால் என்னவென்று அங்குள்ள கறுப்பின மக்களுக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஏழு பேர் முழுத் தண்டனையும் அனுபவித்துவிட்டுத்தானே வந்தார்கள்? அப்படியானால் இயக்கம் தோற்றதுதானே?

2010இல் 20 ஆண்டு விதித்தார்கள். பின்னர் அது பத்தாண்டாகக் குறைந்தது, பத்தாண்டும் உள்ளே இருந்தார்கள். 2017, 2018இல் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். விடுதலையை மட்டும் அளவுகோலாக வைத்தால் தோல்விதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1981இல் சுடப்பட்ட எட்டுப் பேரின் பிள்ளைகளிடம் பத்தாண்டுச் சிறையா, துப்பாக்கியா என்று கேட்டுப் பாருங்கள்.

முஸ்லிம்கள் யாரும் இவர்களுக்காகப் பேசவில்லையா?

பேசினார்கள். விலையும் கொடுத்தார்கள். என் பார்வையில் இந்த முழுக் கதையிலும் நம்பிக்கை தரும் பகுதி இதுதான்.

உயர் மதகுருவான ஆயத்துல்லா மொந்தஸெரி சாதாரண ஆள் அல்ல. 1989 வரை கொமெய்னிக்கு அடுத்த உச்சத் தலைவராக வர இருந்தவர். 2008இல் அவர் தெளிவாகச் சொன்னார்: பஹாய்கள் இந்த நாட்டின் குடிமக்கள், இந்த மண்ணிலும் தண்ணீரிலும் அவர்களுக்கு உரிமை உண்டு, குடியுரிமை முழுவதும் அவர்களுக்குச் சேர வேண்டும். பஹாய் கொள்கையை அவர் ஏற்கவில்லை. ஏற்காமலே உரிமையைச் சொன்னார். மத சுதந்திரம் என்பதே அதுதானே?

ஷிரின் எபாதி, 2003இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற வழக்கறிஞர், ஏழு பேரின் வழக்கை எடுத்துக்கொண்டார். அவருடைய மகளே பஹாயாக மாறிவிட்டதாக அரசு செய்தி நிறுவனம் வதந்தி கிளப்பியது. 2008 டிசம்பரில் அவருடைய மனித உரிமை மைய அலுவலகத்தை அரசு மூடியது. 2014இல் ஆயத்துல்லா மசூமி தெஹ்ரானி, பஹாவுல்லாவின் ஒரு வாசகத்தைத் தம் கையால் அழகெழுத்தில் வரைந்து உலக பஹாய்களுக்குப் பரிசாக அனுப்பினார். ஒரு காலத்தில் அரசு சார்புப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த முகம்மது நூரிஸாத், பெற்றோர் இருவரும் சிறையில் இருந்த ஒரு பஹாய்ச் சிறுவனின் காலை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டார்.

ஃபாயிஸே ஹாஷெமியையும் சொல்ல வேண்டும். முன்னாள் அதிபர் ரஃப்ஸஞ்சானியின் மகள். எவின் சிறையில் சில மாதம் இருந்தபோது அந்த ஏழு பேரில் ஒருவரான ஃபரிபா கமாலாபாதியோடு பழகினார். 2016இல் ஃபரிபா சில நாள் விடுப்பில் வெளியே வந்தபோது அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். நாடே அதிர்ந்தது. பெற்ற தந்தையே மகள் செய்தது தவறு என்று சொன்னார். ஃபாயிஸே மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு தோழி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வருவதுகூட ஒரு நாட்டில் போராட்டமாகிவிடுகிறது, பாருங்கள்.

பஹாய்களே ஏன் தெருவில் இறங்குவதில்லை?

வன்முறையும் கட்சி அரசியலும் கூடாது, வாழும் நாட்டின் அரசுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது அவர்கள் சமயக் கட்டளை. அதனால்தான் 1983இல் ஆணை வந்ததும் தங்கள் அவைகளைத் தாங்களே கலைத்தார்கள். ஆனால் கலைத்த கையோடு, குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி அரசுக்கு ஒரு திறந்த கடிதமும் எழுதினார்கள். நம்பிக்கையை மறுக்கச் சொன்னால் மட்டும் கீழ்ப்படிவதில்லை. இது கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் ஷிராஸின் பத்துப் பெண்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குரல் எழுப்பி விடுதலை கிடைத்த வழக்கு ஏதாவது உண்டா?

ஏமனில் உண்டு. ஹாமித் பின் ஹைதரா என்ற பஹாய் 2013 டிசம்பரில் கைதானார். 2018 ஜனவரியில் ஹூதி கிளர்ச்சியாளர்களின் கட்டுப்பாட்டில் இருந்த சனா நகர நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. ஐ.நா. நிபுணர்களும் பல நாட்டு அரசுகளும் மனித உரிமை அமைப்புகளும் விடாமல் அழுத்தம் கொடுத்தார்கள். 2020 ஜூலை 30 அன்று அவரும் இன்னும் ஐந்து பஹாய்களும் விடுதலையானார்கள். சொந்த நாட்டில் வாழ விடவில்லை, வெளியேற்றினார்கள். அரை வெற்றிதான். ஆனால் கழுத்துக்கு வந்த கயிறு விலகியது.

அண்மைக் காலத்தில் ஈரானில் நிலைமை எப்படி?

மோசமாகியிருக்கிறது. 2020இல் தேசிய அடையாள அட்டைப் படிவத்திலிருந்து 'பிற மதம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டார்கள். பொய் எழுதினால்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் வங்கிக் கணக்கு. அதே ஆண்டு மாஸந்தரான் மாகாணத்து ஈவேல் கிராமத்தில் 27 பஹாய்களின் நிலம் பறிபோனதை நீதிமன்றம் உறுதி செய்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலம். 2022 ஆகஸ்ட் 2 அன்று அதே மாகாணத்தின் ரோஷான்கூ கிராமத்துக்குச் சுமார் 200 அரசு ஆட்கள் கனரக இயந்திரங்களோடு வந்து ஆறு வீடுகளை இடித்து, 20 ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

செத்தாலும் விடுவதில்லை. தெஹ்ரானுக்கு அருகில் கவாரான் என்ற இடம் இருக்கிறது. 1988இல் கொல்லப்பட்ட அரசியல் கைதிகளைக் கூட்டமாகப் புதைத்த இடம். பஹாய் குடும்பங்கள் தங்கள் இறந்தவர்களை அங்கேதான் புதைக்க வேண்டும் என்று நெருக்கினார்கள். வேறொரு குடும்பத்தின் துயரத்தின் மேல் தங்கள் துயரத்தைப் புதைக்க அவர்களுக்கு மனமில்லை. 2024 மார்ச்சில் அங்கிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட பஹாய் கல்லறைகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அடுத்த மாதம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, பஹாய்களை ஈரான் பல பத்தாண்டுகளாக நடத்தும் விதம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று விரிவான அறிக்கையில் சொன்னது.

இந்தியா என்ன செய்கிறது?

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நாட்டைக் குறிவைக்கும் தீர்மானங்கள் கூடாது என்பது டெல்லியின் நெடுநாள் வாதம். இந்தியா முதலீடு செய்த ஈரானின் சபஹார் துறைமுகமும், நெடுநாள் வாங்கிவந்த எண்ணெயும் பின்னணியில் உண்டு. 2022 நவம்பரில் ஈரானின் போராட்ட அடக்குமுறையை விசாரிக்கும் தீர்மானம் ஐ.நா. மனித உரிமை மன்றத்துக்கு வந்தபோது 25 நாடுகள் ஆதரித்தன, 6 எதிர்த்தன, 16 விலகி நின்றன. விலகி நின்றவற்றில் இந்தியாவும் ஒன்று. தலைநகரில் தாமரைக் கோயிலை வைத்துக்கொண்டு இப்படி விலகி நிற்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அகமதியர், ரோஹிங்கியா, உய்குர் என்று ஒடுக்கப்படும் சிறுபான்மையினர் பலர் இருக்க, ஏன் இவர்கள் மட்டும்?

மட்டும் அல்ல. பாகிஸ்தானில் அகமதியர் தங்களை முஸ்லிம் என்று சொன்னாலே 1984 முதல் குற்றம். ஒருவருக்காகக் கற்ற வேலை அடுத்தவருக்கும் உதவும். ஏதாவது ஒன்றில் ஆழமாக இறங்குங்கள் என்றுதான் சொல்வேன். எல்லாவற்றுக்கும் ஒரு பதிவு போட்டுவிட்டுப் போவதில் யாருக்கும் பயன் இல்லை.

சாதாரண ஆள் நான். என்ன செய்ய முடியும்?

கடிதம் எழுதலாம். சிரிக்காதீர்கள். 1973இல் பிரேசிலில் ஒரு பேராசிரியரை ராணுவ ஆட்சி பிடித்துப் போய்ச் சித்திரவதை செய்தது. ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு தன் முதல் 'அவசர நடவடிக்கை' அழைப்பை விடுத்தது, கடிதங்கள் குவிந்தன. தன் வழக்கு வெளியே தெரிந்துவிட்டது, இனி கொல்ல மாட்டார்கள் என்று தனக்குப் புரிந்ததாக அவர் பிறகு சொன்னார்.

எழுதும்போது சில விஷயங்கள் கவனம். பெயர், ஊர், சிறை, வழக்கு எல்லாம் பிழையில்லாமல் இருக்கட்டும். ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: மருத்துவ உதவியோ, விடுதலையோ, வழக்கறிஞரைப் பார்க்க அனுமதியோ. மரியாதையாக எழுதுங்கள். இஸ்லாத்தையோ ஈரான் மக்களையோ திட்டி ஒரு சொல் போட்டாலும் கடிதம் குப்பைக்குப் போகும், அது மட்டுமல்ல, சிறையில் இருப்பவருக்குக் கேடு. ஏற்கெனவே பொதுவெளியில் வராத பெயரையும் படத்தையும் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் ஒருபோதும் பகிராதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் டெல்லியிலுள்ள ஈரான் தூதரகத்துக்கும், தங்கள் தொகுதி எம்.பி.க்கும் எழுதலாம். நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தால் வெளியுறவு அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும். டொரண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை. எம்.பி. அலுவலகப் படியேறுவதும் ஜெனீவாவில் மனுவோடு நிற்பதும் ஈழத்து மக்களுக்காக அவர்கள் ஆண்டாண்டாகச் செய்த வேலை. அந்த அனுபவத்தை இன்னொரு மக்களுக்காகவும் பயன்படுத்தலாம்.

நாம் எழுதுவது சிறைக்குள் இருப்பவருக்குத் தெரியுமா?

கடிதம் பெரும்பாலும் போய்ச் சேராது. ஆனால் சேதி போகும், வரும். ஏழு பேரில் ஒருவரான மஹ்வாஷ் சாபெத் ஆசிரியராக இருந்தவர். சிறையில் கவிதை எழுதினார். அவை எப்படியோ வெளியே வந்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 2013இல் நூலாயின. அப்போது அவர் உள்ளேதான் இருந்தார். 2017 செப்டம்பரில் விடுதலையானார். அடுத்த மாதம் பென் என்ற எழுத்தாளர் அமைப்பு துணிச்சல்மிக்க சர்வதேச எழுத்தாளர் என்று அவரைச் சிறப்பித்தது.

2022 ஜூலை 31 அன்று அவரையும் ஃபரிபா கமாலாபாதியையும் மறுபடி கைது செய்தார்கள். மஹ்வாஷுக்கு அப்போது 69 வயது. முன்பு சொன்ன அதே உளவுப் பழி மறுபடியும் எழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இருவருக்கும் மீண்டும் பத்தாண்டு விதித்தார்கள்.